வீட்டிலிருந்தே வாத்தியார் ஆகலாமா?

நந்தனம், சென்னை – 35

அன்புள்ள கண்ணம்மா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். "பட்டம் முடித்தவரா? வேலையை விடாமல், வகுப்புக்குப் போகாமல், வீட்டிலிருந்தபடியே ஆசிரியர் தகுதி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கீழே போன் நம்பர் இருக்கிறது, கட்டணத் தவணை இருக்கிறது. பட்டத்தைக் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம் என்பது மட்டும் எங்கும் இல்லை. "சேரலாமா பெரியம்மா?" என்று கேட்டிருந்தாய். உன் ஷிப்ட் முடிகிற நேரத்தில் நான் தூங்கிப்போய்விடுகிறேன், அதனால்தான் கடிதம்.

சேராதே. இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் ஏன் என்று தெரியாமல் விட்டால் அடுத்த மாதம் வேறொரு விளம்பரம் வரும், அதில் பல்கலைக்கழகத்தின் பெயரும் இருக்கும், நீ மறுபடி தடுமாறுவாய்.

நீ இயற்பியல் பட்டதாரி. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியர் ஆக (பள்ளிக்கூடத்தில் இன்னமும் பி.டி. அசிஸ்டெண்ட் என்றுதான் சொல்வோம்) பட்டத்தோடு பி.எட். வேண்டும். அந்தப் படிப்பை யார், எப்படி, எத்தனை நாள் நடத்தலாம் என்று விதி வகுப்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். என்சிடிஇ என்றால்தான் உனக்குப் புரியும். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அமைப்பு. முழுக்க ஆன்லைனில் நடக்கிற பி.எட். எதையும் அது அங்கீகரிக்கவில்லை.

"தொலைதூரக் கல்வியில் பி.எட். இருக்கிறதே, பக்கத்து வீட்டு அக்கா படித்தாரே" என்பாய். இருக்கிறது. நந்தனத்தில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சைதாப்பேட்டை. அங்கே அண்ணா சாலையிலேயே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2002இல் தொடங்கியது. அவர்களும் நடத்துகிறார்கள், இக்னோவும் நடத்துகிறது. ஆனால் யாருக்கு என்று விளக்கக் கையேட்டைப் புரட்டிப் பார். என்சிடிஇயின் 2014 விதிப்படி இரண்டு வகையினருக்குத்தான் இடம். ஏற்கெனவே பயிற்சி பெற்றுத் தொடக்கக் கல்வியில் வேலை பார்க்கிற ஆசிரியர்கள் ஒரு வகை. கல்லூரிக்குப் போய், என்சிடிஇ அங்கீகாரம் பெற்ற ஓர் ஆசிரியர் பயிற்சியை நேரடியாக முடித்தவர்கள் இன்னொரு வகை. பக்கத்து வீட்டு அக்கா இடைநிலை ஆசிரியர் பயிற்சியை முடித்துப் பல வருஷம் வகுப்பெடுத்தவர், அதனால் சேர முடிந்தது. பி.எஸ்சி. முடித்து நேரே ஐ.டி. கம்பெனிக்குப் போன உனக்கு அந்தக் கதவு திறக்காது.

இது அநியாயம் என்று உனக்குத் தோன்றும். ஒரு காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கரஸ்ஸில் பி.எட். முடித்து, பிறகு தலைமையாசிரியர் வரை போனவர்கள் என்னோடு வேலை பார்த்திருக்கிறார்கள். நல்ல ஆசிரியர்கள்தான். ஆனால் அவர்களில் நான் அறிந்த எல்லோரும் படிக்கும்போதே ஏதோ ஒரு பள்ளியில் தினமும் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்குத் தபாலில் வந்தது புத்தகம் மட்டுமே, பயிற்சி காலையில் ஒன்பதரை மணிக்கு மணியடித்ததும் தொடங்கிவிட்டது.

அடுத்த முறை இங்கே வந்தால் காலையில் ஒய்எம்சிஏ மைதானத்துப் பக்கம் போய்வா. ஜனவரியில் புத்தகக் கண்காட்சிக்காக அந்த வளாகத்துக்குள் போயிருப்பாய். அது உடற்கல்விக் கல்லூரி. 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கியது, ஆசியாவிலேயே இந்த வகையில் முதல் கல்லூரி என்பார்கள். பயிற்சி மாணவர் ஒருவர் விசிலோடு முன்னால் நிற்பார், சக மாணவர்கள்தான் அவருக்கு வகுப்பு. வரிசையைக் கலைத்து வட்டமாக்க வேண்டும், வட்டத்தை நாலு குழுவாக்க வேண்டும். குரல் ஓரத்தில் நிற்பவனுக்குக் கேட்கவில்லை என்றால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். பின்னால் நிற்கும் பேராசிரியர் மறுபடி முதலிலிருந்து செய்யச் சொல்வார். அந்தப் படிப்பை மொபைலில் முடிக்க முடியுமா என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை, கேட்டால் சிரிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இயற்பியலும் கணக்கும் என்றால் மட்டும் வாயால் சொல்கிற சமாசாரம்தானே என்று ஆகிவிடுகிறது.

கணக்கு டீச்சராகவே ஒன்று சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டல். 1/2 + 1/3 எவ்வளவு என்று போர்டில் எழுதுகிறாய். வகுப்பில் ஒரு பெரும்பகுதி 2/5 என்று எழுதும். மேலே இருப்பதோடு மேலே இருப்பது, கீழே இருப்பதோடு கீழே இருப்பது. சிவப்பு மையில் அடித்துவிட்டு, மீச்சிறு பொது மடங்கு எடுக்கிற வழியை மறுபடி எழுதிப்போடலாம். யூடியூபில் அழகாகவே இதைச் செய்து காட்டுகிறார்கள். அந்தப் பையனின் பெஞ்சுக்குப் பக்கத்தில் குனிந்து, "ஏன்டா இப்படிக் கூட்டினே?" என்று கேட்டுப் பார். "நீங்கதானே மிஸ் பேப்பர்ல இப்படிக் கூட்டுறீங்க" என்பான்.

அவன் சொல்வது உண்மை. முதல் கேள்விக்கு 2க்கு 1, அடுத்த கேள்விக்கு 3க்கு 1, மொத்தம் 5க்கு 2 என்று விடைத்தாளின் முகப்பில் நாம்தான் கோடு போட்டு எழுதுகிறோம். மதிப்பெண்ணைக் கூட்ட அதுவே சரியான வழி. இரண்டு கேள்வியையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறோம், அங்கே முழுமை மாறிவிடுகிறது. பின்னக் கூட்டலில் முழுமை மாறக் கூடாது. இந்த வித்தியாசத்தை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது நீ மீச்சிறு பொது மடங்கைத் தொடவே வேண்டாம். "2/5 பாதியைவிடப் பெரிசா சின்னதா?" என்று கேள். கொஞ்சம் யோசித்துச் "சின்னது" என்பான். "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியைவிடக் குறையுமா?" அவ்வளவுதான், பேனாவைக் கீழே வைத்துவிடுவான்.

இந்தக் கேள்வி என் தலையில் உதித்ததல்ல. பயிற்சியில் இருந்தபோது என் வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த வழிகாட்டி ஆசிரியை, மணி அடித்த பிறகு வராந்தாவில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தது. கூடவே, "போர்டை மறைச்சுக்கிட்டே நிக்கிறே, ஜன்னல் பக்கத்து ரெண்டு வரிசை உன் முதுகைத்தான் காப்பி பண்ணிச்சு" என்றும் சொன்னார். அவர் பாடத்தைக் கேட்க உட்காரவில்லை, பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா உன் முகத்தைக் காட்டும், போர்டைக் காட்டும். மூன்றாவது பெஞ்சில் எழுதி அழித்து எழுதிக்கொண்டிருக்கும் நோட்டைக் காட்டாது.

என்சிடிஇ விதியில் எனக்குப் பிடித்த பகுதியும் இந்தப் பள்ளிப் பயிற்சிதான். 2015–16 முதல் பி.எட். இரண்டு வருஷம் ஆனது, நான் படித்தபோது ஒரு வருஷம். இரண்டு வருஷத்தில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். கல்லூரி வகுப்புக்கு 80 சதவீத வருகை போதும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். எதை எவ்வளவு முக்கியமாக நினைக்கிறார்கள் என்பது அந்தப் பத்து சதவீத வித்தியாசத்திலேயே தெரிகிறது. மற்றபடி எல்லாமே நியாயமான இரண்டு வருஷம் என்று வக்காலத்து வாங்க மாட்டேன். ரெக்கார்டு நோட்டுகளில் பாதி, போன வருஷத்து அக்காக்களைப் பார்த்து எழுதுவது. பாடத்திட்டத்தில் ஒரே விஷயம் மூன்று தாள்களில் மூன்று பெயரில் வரும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆன்லைன் ஆசிரியர் பயிற்சி நம் நாட்டில் நடக்கவே இல்லை என்றும் நினைத்துவிடாதே. நடந்தது, அரசே நடத்தியது. பயிற்சி இல்லாமல் வேலையில் இருந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 2019 மார்ச் 31க்குள் தகுதி பெற வேண்டும் என்று 2017இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். லட்சக்கணக்கானவர்களை எந்தக் கல்லூரியில் உட்காரவைப்பது? தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் ஸ்வயம் தளத்திலும் டிவி சேனலிலும் பாடம் நடத்தி, 18 மாதத்தில் டிப்ளமா கொடுத்தது. பிறகு பலர் அந்தச் சான்றிதழோடு புதிய வேலைக்கு விண்ணப்பித்தார்கள், வழக்கு வந்தது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த 18 மாதப் படிப்பு இரண்டு வருஷ டிப்ளமாவுக்குச் சமமல்ல என்று சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில்தான், 2017 ஆகஸ்ட் 10 அன்று பணியில் இருந்து, குறித்த கெடுவுக்குள் முடித்தவர்களுக்கு மட்டும் அது செல்லும் என்று தெளிவுபடுத்தியது. அரசு நடத்திய படிப்புக்கே, படித்து முடித்து நாலைந்து வருஷம் கழித்துக் கோர்ட் படியேற வேண்டிவந்தது. இங்கே உன்னிடம் பணம் கேட்பது வெறும் போன் நம்பர்.

இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன், அடுத்து அதுதான் உன்னிடம் வரும். வேறு மாநிலத்தில் ஒரு கல்லூரி, அங்கீகாரமும் பக்காவாக இருக்கும். பணம் கட்டினால் போதும், பரீட்சைக்கு மட்டும் வந்து எழுதிவிட்டுப் போகலாம், வருகைப்பதிவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஊரில் இதற்குப் பெயரே "அட்டெண்டன்ஸ் இல்லாத பி.எட்." என்று ஆகிவிட்டது. அப்படி வாங்கின சான்றிதழோடு இங்கே வந்ததும் முதலில் இணைத்தன்மைச் சான்று கேட்பார்கள். வேலை கிடைத்தால் உண்மைத்தன்மைச் சரிபார்ப்புக்கு அனுப்புவார்கள். நீ பெங்களூருவில் சம்பளம் வாங்கின அதே மாதங்களில் ஆந்திராவில் ஒரு பள்ளியில் தினமும் பயிற்சி எடுத்ததாக ஒரு தாள் சொல்லும், உன் பி.எஃப். கணக்கு வேறு சொல்லும். உண்மைத்தன்மை வரும்வரை ஊக்க ஊதியம் நின்று, நிம்மதி போய், அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களைப் பார்த்தவள் நான். அதுவும் ஒழுங்காகப் படித்தவர்களுக்கே அந்த அலைச்சல்.

உன் அண்ணன் நியூ ஜெர்சியிலிருந்து, "அங்கே ஆன்லைனிலேயே டீச்சிங் லைசென்ஸ் வாங்குகிறார்களே" என்று சொன்னானாம். பாதி சரி. வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டி என்று ஒன்று, 1997இல் மேற்கு மாநிலங்களின் ஆளுநர்கள் சேர்ந்து தொடங்கியது. வகுப்பறையே இல்லாத பல்கலைக்கழகம், ஏராளமான ஆசிரியர்களை உருவாக்குகிறது. ஆனால் அங்கேயும் உரிமம் கொடுப்பது மாநில அரசின் கல்வித்துறை. படிப்பின் கடைசியில் மாணவர் தன் ஊரிலேயே ஒரு பள்ளிக்குப் போய், அனுபவமுள்ள ஆசிரியரின் பார்வையில் 12 வாரத்துக்குக் குறையாமல் பாடம் நடத்தியாக வேண்டும். ஆன்லைன் என்ற சொல்லை மட்டும் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்துவிட்டு, அந்த 12 வாரத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள் நம் விளம்பரக்காரர்கள்.

சரி, என்ன செய்யலாம்? தமிழ்நாட்டில் 7 அரசுக் கல்வியியல் கல்லூரிகளும் 14 உதவி பெறும் கல்லூரிகளும் இருக்கின்றன. எல்லாம் சேர்த்து 2,000 சொச்சம் இடங்கள். சேர்க்கை பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்து, இட ஒதுக்கீட்டோடு. சென்னையில் மட்டும் சைதாப்பேட்டை, லேடி வெலிங்டன், ராயப்பேட்டை மெஸ்டன், அசோக் நகர் ஸ்டெல்லா மேட்டுட்டினா என்று உனக்கு வழி இருக்கிறது. தனியார் கல்லூரியைவிட இங்கே கட்டணம் மிகக் குறைவு. உன் மதிப்பெண்ணுக்கு முதல் சுற்றிலேயே கிடைக்கலாம். சைதாப்பேட்டை கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், என் வீட்டில் தங்கிக்கொள். 1856இல் நார்மல் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் அது. டாக்டர் ராதாகிருஷ்ணன் எம்.ஏ. முடித்து, 1909இல் மாநிலக் கல்லூரியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். அப்படியும் 1910இல் எல்.டி. பயிற்சிக்காக அவரைச் சைதாப்பேட்டைக்கு அனுப்பினார்கள். தத்துவத்தில் அவருக்குத் தெரியாததை அங்கே யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். வகுப்பில் நிற்பது வேறு வேலை என்று அன்றைய வெள்ளைக்கார அரசாங்கத்துக்கே தெரிந்திருந்தது.

எந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்த விருப்பம் என்பதையும் இப்போதே யோசி. "சின்னக் குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்" என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. பி.எட். இருந்தால் ஒன்றாம் வகுப்புக்கும் போகலாம் என்று 2018இல் என்சிடிஇ ஓர் அறிவிப்பு போட்டது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரை என்றால் தொடக்கக் கல்வி டிப்ளமாதான், பி.எட். செல்லாது. அதிகப் படிப்பு என்பதால் மேலானது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. ஆறு வயதுப் பிள்ளைக்கு "அ" எழுதக் கற்றுக்கொடுக்கிற வித்தை பி.எட்.டில் கிடையாது, தீர்ப்பு சரிதான் என்பது என் கட்சி.

பி.எட். கையில் வந்ததும் வேலை வந்துவிடாது. இதை உன் அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதன்பின் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு. கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து 2010இல் கட்டாயமாக்கினார்கள். உனக்கு இரண்டாம் தாள், 150 கேள்வி, 150 மதிப்பெண். அதில் கணக்கும் அறிவியலும் 60, தமிழ் 30, ஆங்கிலம் 30, குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30. பொதுப்பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. இங்கே 2012இல் முதல் முறை நடந்தபோது நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை, அதே வருஷம் மறுதேர்வு வைக்க வேண்டிவந்தது. டெட் தேறினாலும் 2018 அரசாணை 149இன்படி தனியாக ஒரு போட்டித் தேர்வு உண்டு. பட்டதாரி ஆசிரியர்களுக்கு அதை 2024 பிப்ரவரியில்தான் முதன்முறையாக நடத்தினார்கள். நடுவில் அத்தனை வருஷம் டெட் சான்றிதழை வைத்துக்கொண்டு பள்ளிக் கல்வித் துறையின் டிபிஐ வளாகத்து வாசலில் உட்கார்ந்து போராடியவர்களின் கதை உனக்குத் தெரியும், டிவியில் பார்த்திருப்பாய்.

தனியார் பள்ளி இருக்கிறதே என்று டெட்டைத் தள்ளிப்போடவும் முடியாது. 2025 செப்டம்பர் 1 தீர்ப்பில், பல வருஷமாகப் பணியில் இருப்பவர்கள்கூட, ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தால் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்னோடு வேலை பார்த்த, ஐம்பது வயதைத் தொட்ட ஆசிரியைகள் மகளின் பழைய கைடை வாங்கிவைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நீ பி.எட். இறுதியாண்டிலேயே எழுதலாம். தேறிவிட்டால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், முன்பு போல ஏழு வருஷக் கெடு கிடையாது.

ஆன்லைனை நான் வெறுக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. இந்த டெட்டுக்குப் படிக்க அதைவிட நல்ல வழி இல்லை. மாநிலப் பாடநூல்கள் ஆறிலிருந்து பத்து வரை இலவசமாகத் தரவிறக்கம் ஆகின்றன. ஷிப்ட் இடைவேளையில் ஒரு பாடம் என்று இன்றைக்கே தொடங்கலாம். தீக்ஷா தளத்தில் ஆசிரியர்களுக்கான பாடங்கள் உண்டு. குழந்தை உளவியல் பகுதியை வீடியோவிலேயே படித்துவிடலாம், அதற்கு யாரும் உன் முதுகுக்குப் பின்னால் உட்கார வேண்டியதில்லை.

வேலையை இப்போதே விடாதே. சேர்க்கை அறிவிப்பு பட்டப்படிப்பு முடிவுகள் வந்த பிறகுதான் வரும், அதுவரை சம்பளத்தைச் சேர். இரண்டு வருஷம் வருமானம் இல்லாமல் இருக்க வேண்டும், அதன் பின்னும் அரசு வேலைக்கு எத்தனை வருஷம் என்று யாராலும் சொல்ல முடியாது. தனியார் பள்ளியில் தொடக்கச் சம்பளம் இப்போது நீ வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, உன் வீட்டுப் பக்கத்தில் மாலை வகுப்பு எங்காவது நடந்தால், சனி ஞாயிறில் போய் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு இரண்டு மாதம் அறிவியல் நடத்து. சத்தம், சந்தேகம், பென்சில் சண்டை எல்லாம் இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்தும் திங்கட்கிழமை ஆபீஸ் போகும்போது அடுத்த சனிக்கிழமைப் பாடம் மனதில் ஓடினால் ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.

உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கல்யாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிவைக்கச் சொன்னால் என் மேல் கோபப்படுவாள், பரவாயில்லை, தங்கைதானே.

ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் பட்டச் சான்றிதழையும் ஸ்கேன் எடுத்து அனுப்பு. பட்டத்தில் பாடத்தின் பெயர் வெறும் இயற்பியல் என்று இருக்கிறதா, வேறு ஏதாவது ஒட்டு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் மாறினால் இணையான பாடம்தான் என்று அரசாணை தேட வேண்டியிருக்கும், அதற்கு நேரம் பிடிக்கும். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில்தானே படித்தாய்? பிளஸ் டூவும் கல்லூரியும் எந்த வழி என்று எழுது. எல்லாமே தமிழ் வழி என்றால் 20 சதவீத முன்னுரிமைக்கு ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும், இரண்டாவது பள்ளியில் தலைமையாசிரியர் மாறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன், கோடை விடுமுறைக்கு முன்னாலேயே போய்ப் பார்த்துவிடு.

அன்புடன்,
பெரியம்மா